அப்பாவின் சன்ஷேடு

சின்னவளின் கண்ணாடியில் பவர் கிடையாது. இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். கதை முழுக்க இந்தக் கண்ணாடிதான் வரப்போகிறது. நடுவில் சொன்னால், இத்தனை நேரம் ஏன் ஒளித்துவைத்தாய் என்று என்னோடு மல்லுக்கு நிற்பீர்கள். அவள் வேலை பார்ப்பது மூக்குக் கண்ணாடிக் கடையில். ஊரார் முகத்துக்கெல்லாம் அளவெடுத்துப் பொருத்திக் கொடுக்கிறவள், தான் மட்டும் வெறும் கண்ணாடித் துண்டை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். பார்வையில் ஒரு குறையும் இல்லை. எதிர்வரிசைக் கடையின் பொடி எழுத்தை இங்கே இருந்தபடியே படித்துவிடுவாள்.

பிறகு எதற்குக் கண்ணாடி? நெற்றிக்காக.

அந்த வீட்டு நெற்றி அப்படி. புருவத்துக்கு நேர் மேலே எலும்பு மேடு கட்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முதலில் அப்பாவுக்கு இருந்தது. "உங்க அப்பா மழையில நடந்தாக்கூட கண்ணுல ஒரு சொட்டு விழாது, சன்ஷேடு கட்டி வச்சிருக்காரு" என்று அம்மா கிண்டல் செய்யப்போக, வீட்டில் அதற்குப் பெயரே சன்ஷேடு என்றாகிவிட்டது. அப்பா வேறு சொத்து எதுவும் விட்டுவைக்கவில்லை. சன்ஷேடை மட்டும் ஓரவஞ்சனை இல்லாமல் இரண்டு பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

பெரியவள் பெண்ணாகப் பிறந்து பெண்ணாகவே வளர்ந்தவள். சின்னவளை ஆண்பிள்ளை என்று சொல்லி வளர்த்தார்கள். அது தப்பு என்று அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலேயே தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய அப்பா போய் ஒரு வருடம் ஆகவேண்டியிருந்தது. தான் திருநங்கை என்று ஒரு மத்தியானம் சோற்றுத்தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னாள். அம்மா அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக் கதவே திறந்தது. பெரியவள்தான் முதலில் தெளிந்தாள். "இதுக்கு மேல அழுதா சோறு ஆறிடும். இனிமே இவ என் தங்கச்சி, அவ்ளோதான். குழம்ப ஊத்தும்மா" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகச் சின்னவள் அக்காவின் காலைக் கழுவிக் குடிக்கவும் தயார். இப்போது அம்மாவும் இல்லை. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

வீட்டுக்குள் பிரச்சினை இல்லை. கடையில்தான். கண்ணாடி வாங்க வருகிறவர் நிமிர்ந்து பார்ப்பார். கண் மூடித் திறப்பதற்குள் வாய் ஒரு முடிவுக்கு வந்துவிடும். 'அக்கா' என்று வந்தால் அன்றைய பொழுது நல்ல பொழுது. 'அண்ணே' என்று வந்தால் தொலைந்தது. மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. அது எதையும் சொல்லாமல் விழுங்கிவிட்டு, "இந்த பிரேம் வேற கலர்ல இருக்கா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்கும். சின்னவளுக்கு இந்த மூன்றாவது கூட்டத்தைத்தான் அறவே பிடிக்காது. அண்ணே என்கிறவனிடம் சண்டையாவது போடலாம், சுவரைப் பார்க்கிறவனை என்ன செய்வது?

ஒரு நாள் கடை மூடுவதற்கு முன், மேல் விளிம்பு தடித்த கறுப்பு பிரேம் ஒன்றைத் துடைத்துவிட்டுச் சும்மா மாட்டிப் பார்த்தாள். புருவத்தின் மேல் அது உட்கார்ந்ததும் சன்ஷேடைக் காணோம். அன்றைக்கு மாட்டியதுதான். வீட்டுக்குள் இருக்கும்போது தவிர அதைக் கழற்றியதே கிடையாது.

ஆனால் கண்ணாடி நழுவும், வியர்வையில் வழுக்கும். குழந்தைகள் இழுக்கும். அதனால்தான் அறுவை சிகிச்சை யோசனை வந்தது. முகத்தின் எலும்பைத் திருத்திப் பெண்முகமாக்கித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. செய்யலாமா, வேண்டாமா? செய்தால் பிரயோஜனம் உண்டா? இன்னொருத்தியாக இருந்தால் ஜோசியம் கேட்டிருப்பாள். இவள் ஆராய்ச்சியில் இறங்கிவிட்டாள்.

முகத்தைத் தொட்டு அளக்கிறதுதானே பிழைப்பு! கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளக்கிற சாக்கில், வருகிறவர்களின் நெற்றியை எல்லாம் நோட்டம் விட ஆரம்பித்தாள். பார்க்கப் பார்க்கத் தலை சுற்றியது. கல்யாணத்துக்காகப் புதுக் கண்ணாடி வாங்க வந்த ஒரு பெண்ணுக்கு இவளைவிடப் பெரிய மேடு. அவளோ பளிச்சென்று சிரித்துக்கொண்டு நிற்கிறாள், யாரும் அவளை அண்ணே என்று சொல்லப்போவதில்லை. கதவை இடிக்கிற மாதிரி தோள் வைத்த ஒரு காவலாளிக்கு நெற்றி முட்டை போல வழுவழு. 'அப்ப இந்த எலும்பு எதைத்தான்டா சொல்லுது?' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அளவுகோலைக் கீழே வைத்தாள்.

ஆராய்ச்சியின் அடுத்த கட்டம் சீப்பு.

சீப்பு என்பது ஆள். முடிதிருத்தும் நிலையம் வைத்திருக்கிறாள், காதுக்கு மேல் எப்போதும் ஒரு சீப்பு செருகியிருப்பாள், அதனால் அந்தப் பெயர். அவளும் திருநங்கை. நெற்றி, மூக்கு, தாடை மூன்றையும் திருத்திக்கொண்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. சின்னவள் போனபோது கடையில் ஆளில்லை. சீப்பு சுழல் நாற்காலியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"தொட்டுப் பாக்கட்டுமா?"

"கடைக்காரி புத்தி எங்க போகும்? தொடு, தொடு."

சின்னவள் விரல் நுனியால் அவள் நெற்றியைத் தடவினாள். மழமழவென்று ஓடியது விரல்.

"இங்க தொட்டா தெரியுதா?"

"தெரியுது."

விரல் முடிக்குள் ஏறியது. "இங்க?"

"அங்க தொட்டா பக்கத்து வீட்டுக்காரி தலையத் தொடுற மாதிரி இருக்கும். என்னுதுன்னே தோணாது. முடிய ஒட்டி வெட்டித்தானே உள்ள போறாங்க? கொஞ்சம் கொஞ்சமா உணர்ச்சி வருது. முழுசா வராமலும் போகலாமாம்."

"வலி?"

"வலி பரவாயில்ல. வீக்கம்தான். ஒரு மாசம் கண்ணாடியில பாத்தா குளவி கொட்டின மாதிரி ஒருத்தி நிப்பா."

"சரி, நேரா சொல்லு. செஞ்சது பிரயோஜனமா, இல்லையா?"

சீப்பு நகவெட்டியை மூடினாள். "அது வாரத்துக்கு வாரம் மாறும்டி. போன வாரம் கேட்டிருந்தா கண்ண மூடிக்கிட்டு ஆமான்னிருப்பேன். முந்தாநேத்து ஒருத்தன் என் குரலைக் கேட்டுட்டுத் திரும்பிப் பாத்தான் பாரு ஒரு பார்வை. எலும்பச் சீவினவ தொண்டைய விட்டுட்டு வந்துட்டியேடின்னு அன்னிக்குப் பூரா அழுகை."

"அப்ப வேண்டாங்கறியா?"

"நான் சொல்லாதத நீயா சொல்லாத. யோசிக்க விடு." உண்மையிலேயே யோசித்தாள். காதிலிருந்த சீப்பை எடுத்துத் திரும்பச் செருகினாள். "நான் இப்ப பஸ்ஸுல தூங்கறேன்."

"என்னது?"

"பஸ்ஸுல. ஜன்னல்ல தலையச் சாச்சு, வாயப் பொளந்துகிட்டு. முன்னல்லாம் கண்ணு மூடினதே இல்ல. நான் தூங்கிட்டா மூஞ்சிய யாரு பாத்துக்கறது? எந்தப் பக்கம் திருப்பணும், முடிய எங்க விடணும், யாரு பாக்கறா... நாள் பூரா காவல் டியூட்டி. இப்ப அந்த டியூட்டி இல்ல. அதுக்கு என்ன மதிப்புன்னு நீயே போட்டுக்கோ."

சின்னவளுக்குச் சுருக்கென்றது. தானும் எந்த பஸ்ஸிலும் தூங்கியதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அடுத்த வாரமே டாக்டரிடம் நேரம் வாங்கினாள். கூட ஒரு சொந்தக்காரர் வரவேண்டும், ஆபரேஷனுக்குப் பிறகு உடனிருந்து பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் தேதியே கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். சொந்தம் என்று வேறு யார்? பெரியவள் வந்தாள். பஸ் ஓட்டுகிறவள் அவள். டியூட்டி முடிந்து சீருடைச் சட்டையோடு, ஒட்ட வெட்டிய முடியோடு, கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தாள். அவள் கண்ணாடியில் நிஜமாகவே பவர் உண்டு. பிரேம் மட்டும் சின்னவளுடையதைப் போலவே, பழுப்பு நிறத்தில். சின்னவள் எடுத்துக் கொடுத்ததுதான்.

டாக்டரம்மா சுறுசுறுப்பான ஆள். ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டார். சின்னவளின் மண்டையோடு வெள்ளையாக வந்து நின்றது.

"இந்த மேடு இருக்கு பாருங்க. இதுக்குப் பின்னால காத்து அறை இருக்கு. அதனால அப்படியே தேய்ச்சிட முடியாது. முன் சுவரத் தனியா எடுத்து, சரி பண்ணி, கொஞ்சம் உள்ள தள்ளி வச்சுச் சின்னத் தகட்டால பொருத்துவோம்."

"வெறும் எலும்பப் பாத்தே இது ஆணா பெண்ணான்னு சொல்லிடுவீங்களா மேடம்?" சின்னவளுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பெரும்பாலும் சொல்லிடுவேன். தப்பாவும் சொல்லியிருக்கேன்."

"எனக்கு இது தேவையா இல்லையான்னு?"

"அது ஸ்கேன்ல தெரியாதுங்க. எல்லாத்தையும் செஞ்சுகிட்டுச் சந்தோஷமா இருக்கறவங்களும் உண்டு, ஒண்ணுமே வேண்டாம்னு எழுந்து போய்ச் சந்தோஷமா இருக்கறவங்களும் உண்டு. செஞ்சுட்டு, இதுக்குத்தானா இவ்வளவும்னு வந்து நிக்கறவங்களும் உண்டு. எங்க, கண்ணாடியக் கழட்டுங்க."

கழற்றிக் கொடுத்தாள். டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதுல பவரே இல்லையே?"

இங்கேதான் சின்னவள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். தொழில் என்று வந்துவிட்டால் அவள் வாய் நிற்காது. "அது ஒரு வித்தை மேடம். மேல் விளிம்பு தடியா, புருவத்து மேலயே உக்காந்துச்சுன்னா மேடு இருக்கறதே தெரியாது. நெத்தி இப்படி இருக்கற லேடீஸ் யாரு வந்தாலும் நான் இதத்தான் எடுத்துக் கொடுப்பேன். ஆம்பள மூஞ்சி மாதிரித் தெரியாது பாருங்க."

சொல்லி முடித்த பிறகுதான் பக்கத்து நாற்காலி ஞாபகம் வந்தது. பெரியவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை மெல்ல எழுந்து, பழுப்பு விளிம்பின் மேல் போய் நின்றது. டாக்டரம்மாவுக்குத் திடீரென்று கம்ப்யூட்டரில் அவசர வேலை வந்துவிட்டது.

வெளியே வந்து தெருமுனை வரை பெரியவள் முன்னால் நடந்தாள். முனையில் நின்றாள்.

"கனமா இருக்கு, மூக்குல தடம் விழுதுன்னு எத்தன தடவ சொன்னேன்? அப்பல்லாம் 'உனக்கு இதுதான்க்கா எடுப்பா இருக்கு'ன்ன."

"அக்கா..."

"அப்ப என்னுது ஆம்பள மூஞ்சின்னு நீ என்னைக்கோ முடிவு பண்ணிட்ட. நானும் பேக்கு மாதிரி அத மாட்டிகிட்டு ஊரெல்லாம் பஸ் ஓட்டியிருக்கேன்."

"உன்ன யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாதுன்னுதான்க்கா."

"யாரு சொன்னா? நீதான் சொல்லியிருக்க."

விடுவிடுவென்று போய்விட்டாள். சின்னவள் நடுத்தெருவில் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். சத்தியமாக அவள் அக்காவை இழிவாக நினைத்ததில்லை. தனக்கு வலித்த இடத்தில் அக்காவுக்கும் வலிக்கும் என்று நினைத்துவிட்டாள். அவளுக்கு வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்காமலே கட்டுப் போட்டுவிட்டாள். அவமானமாக இருந்தது.

அந்த வாரம் வீட்டில் பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டன. டாக்டரம்மா குறித்துக் கொடுத்திருந்த ஆபரேஷன் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா வரவில்லை என்றால் தேதி போய்விடும். தேதி போனால்கூடப் போகட்டும், அக்கா போய்விட்டால் என்ன செய்வது? சின்னவளால் தாங்க முடியவில்லை. காலையில் டிப்போவுக்கே போய்விட்டாள். பெரியவள் வண்டியை எடுப்பதற்கு முன் டயரைக் காலால் உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்தாள்.

"தப்புதான்க்கா. கேட்டிருக்கணும்."

பெரியவள் அடுத்த டயரை உதைத்தாள். "தினமும் என்னப் பின்னாலேர்ந்து 'அண்ணே, நிறுத்துங்க'ன்னு கத்தறாங்க. திரும்பினா 'ஐயோ, சாரிக்கா'ங்கறாங்க. அவங்களும் சிரிக்கறாங்க, நானும் சிரிக்கறேன். என் நெத்தி அது பாட்டுக்கு இருக்கு. உன் நெத்தி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"உன்ன அண்ணேன்னா தப்பு அவங்களுது, சாரி கேக்கறாங்க. என்ன அண்ணேன்னா தப்பு என்னுதுங்கற மாதிரி பாக்கறாங்க. சிரிக்கறாங்க, நான் கூடச் சேந்து சிரிக்க முடியாத சிரிப்பு. ஒரே நெத்திதான்க்கா, விழற அடிதான் வேற."

பெரியவள் உதைப்பதை நிறுத்தினாள். கையைத் துணியில் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"எனக்குக் கோவம் கண்ணாடிக்காக இல்லடி" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "ராத்திரி நீ கண்ணாடியக் கழட்டி வச்சுட்டுச் சாப்பிடுவல்ல, அப்ப எதிர்ல உக்காந்து பாப்பேன். அப்பா உக்காந்து சாப்பிடற மாதிரியே இருக்கும். என் மூஞ்சிய நானே பாத்துகிட்டு உக்கார முடியுமா? உன்கிட்டதான் அவரப் பாப்பேன். அதச் செதுக்கி எறியப் போறியேன்னு..."

 சின்னவளுக்கு இது தெரியாது. அத்தனை பேர் நெற்றியை அளந்தவள், எதிரே உட்கார்ந்து தன் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தவளைக் கவனிக்கவில்லை. 

"அப்ப நான் செய்யலக்கா."

"அறைஞ்சிருவேன். எனக்காக விட்டுட்டு அப்புறம் காலம் பூரா என்னப் பாக்கும்போதெல்லாம் மூஞ்சியத் தூக்கி வச்சுப்ப. உனக்கு வேணுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லு."

சின்னவள் யோசித்தாள். அழகு வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தாள், அப்படியொன்றும் வெறி இல்லை. ஊர் மெச்ச வேண்டுமா? ஊரை யார் கேட்டார்கள்!

"பஸ்ஸுல தூங்கணும்க்கா."

பெரியவள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "பைத்தியம்" என்றாள். ஏணிப்படியில் கால் வைத்து ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "லீவெல்லாம் அன்னிக்கே சொல்லியாச்சு. போய் வேலையப் பாரு."

நெற்றி மட்டும் போதும் என்றாள் சின்னவள். தாடையையும் பார்க்கலாமே என்ற டாக்டரம்மாவிடம், "அது இருக்கட்டும் மேடம், சண்டை போடும்போது தேவைப்படும்" என்று சொல்லிவிட்டாள். ஆபரேஷன் முடிந்து கண் திறந்தால், கண் திறக்கவில்லை. அவ்வளவு வீக்கம். "ரெண்டு கத்திரிக்காய ஒட்டி வச்ச மாதிரி இருக்க" என்று அக்கா சொன்னது கேட்டது. சிரித்தால் தையல் இழுக்கும் என்று தெரிந்தே சிரிக்கவைத்தாள் அந்தக் கொலைகாரி. கஞ்சியையும் அக்காதான் ஊட்டினாள். பேச்சுக்குப் பேச்சு கிண்டல். நெற்றியை மட்டும் அவள் நேராகப் பார்க்கவில்லை.

வீக்கம் வடிந்து கடைக்குப் போனாள். கண்ணாடி இல்லாமல். கை பழக்கதோஷத்தில் மூக்கின் மேல் எதையோ தேடித் தேடி ஏமாந்தது. வந்தவர்கள் எல்லாரும் அக்கா அக்கா என்று உருகிவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். பெரும்பாலானவர்கள் சொன்னார்கள். சுவரைப் பார்க்கிறவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். தலை வாரும்போது உச்சந்தலை இன்னும் பக்கத்து வீட்டுக்காரி தலைதான். பிரயோஜனமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அந்தக் கேள்வி கூடவே வந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் மத்தியானம் பெரியவள் வாடிக்கையாளர் மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்தாள். பழுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"விளிம்பே இல்லாததா ஒண்ணு எடு."

"நெத்தி அப்படியே தெரியும்க்கா."

"தெரியட்டும். வீட்டுல இப்ப மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான்."

சின்னவள் அளவுகோலை எடுத்தாள். அளவெடுத்தாள். லென்ஸ் தயாராகி வந்த நாளன்று தானே மாட்டிவிட்டாள். காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா, மூக்கில் உறுத்துகிறதா என்று ஒவ்வொன்றாக, இந்த முறை கேட்டுக் கேட்டுச் சரிசெய்தாள். பிறகு இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள். தெளிந்த கண்ணாடிக்கு மேலே, வெளிச்சம் பட்டு, அப்பா. அக்கா தினமும் ராத்திரி எதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள் என்று அப்போது தெரிந்தது. அழுகை வந்தது, அழுதாள். கடையில் ஆள் இருந்தார்கள், இருந்துவிட்டுப் போகட்டும்.

"எப்படி இருக்கு?"

"எடுப்பா இருக்குக்கா" என்றாள். இந்தத் தடவை அதில் ஒளிவுமறைவு இல்லை.

அன்று சாயங்காலம் அக்காவின் பஸ்ஸிலேயே வீட்டுக்குக் கிளம்பினாள். நல்ல கூட்டம். நடுவில் ஒரு ஜன்னலோர இடம் கிடைத்தது. வழக்கம்போல முடியை முன்னால் இழுத்துவிட்டு முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி குலுங்கியது. அவ்வளவுதான் அவளுக்கு நினைவு.

எங்கேயோ வண்டி நின்ற ஓசையில் பாதி விழிப்பு வந்தது. கூட்டம் இறங்கிவிட்டிருந்தது. கன்னத்தில் ஜன்னல் கம்பியின் ஈரம், எச்சில் ஒழுகியிருக்கிறது. வாய் பிளந்துதான் கிடந்திருக்கிறது. சட்டென்று முகத்தைச் சரிசெய்ய எழப்போனவளின் காதில், கடைசியாக இறங்குகிற ஒரு பயணியின் குரல் விழுந்தது.

"டிரைவரண்ணே, பின்னால ஒரு அக்கா நல்லாத் தூங்கறாங்க பாருங்க. ஸ்டாப்ப விட்டுடப் போறாங்க, எழுப்பி விடுங்க."

 ஓட்டுநர் இருக்கையிலிருந்து பெரியவளின் சிரிப்பு கேட்டது. "ஐயய்யோ, சாரிம்மா" என்று அவர் பதறுவதும் கேட்டது.

"பரவால்லங்க" என்றாள் பெரியவள். "அது என் தங்கச்சி. தூங்கட்டும் விடுங்க."

சின்னவள் கண்ணைத் திறக்கவில்லை. வாயைக்கூட மூடிக்கொள்ளவில்லை. வண்டி மறுபடி கிளம்பியது, அவள் மறுபடி தூங்கிப்போனாள்.